உறுதி எழுதும் செலவு: நிலாவெளியில் காணி வாங்குவோருக்கு ஒரு கணக்கு

திருகோணமலை நகரை விட்டு, புல்மோட்டைக்குப் போகும் வீதியில் வடக்கே போனால் உப்புவெளியைத் தாண்டி நிலாவெளி வந்துவிடும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளமும் களப்பும், இடையில் ஒடுங்கிய மணல் நிலம். எதிரே கடலுக்குள் புறாமலை. 2009இல் போர் முடிந்த பிறகு இந்த மணலுக்கு வந்த மவுசு சின்னதல்ல. விடுதிக்காரர் வந்தார்கள், வெளியூர்க்காரர் வந்தார்கள், இடம்பெயர்ந்து போன ஊர்க்காரரும் திரும்பி வந்தார்கள்.

இங்கே வீடோ வளவோ தேடுபவர்கள் பெரும்பாலும் மூன்று வகையினர். பழைய ஊரில் சொந்தமாக ஒரு கூரை வேண்டுமென்று வருபவர் ஒருவர். சம்பளத்தை நம்பி வங்கிக் கடன் எடுக்கும் அரச ஊழியர் இன்னொருவர். கனடாவிலோ லண்டனிலோ இருந்தபடி "ஊரில் ஒரு துண்டு பார்த்து வையுங்கோ" என்று தம்பியிடம் சொல்லிவைத்திருப்பவர் மூன்றாமவர். மூவரும் முதலில் கேட்பது, பேர்ச் என்ன விலை? முத்திரை, எழுத்துக்கூலி, தரகு, அளவை என்று மேலே ஏறும் தொகையைப் பற்றி விலை பேசி முடித்த பிறகுதான் விசாரிக்கிறார்கள். அப்போது கை வறண்டிருக்கும். அதனால் குறைக்கக்கூடாத இடத்தில் குறைக்கத் தொடங்குகிறார்கள்.

அறுபது இலட்சம் ரூபாவுக்கு ஒரு வீடு படிந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இலங்கையில் காணியோ வீடோ விலைக்குக் கைமாறும்போது முதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதமும் மீதிக்கு 4 வீதமும் முத்திரைத் தீர்வை. சுருக்கு வழி வேண்டுமென்றால், மொத்தப் பெறுமதியில் 4 வீதத்தைக் கண்டு ஆயிரம் ரூபாவைக் கழித்துவிடலாம். ஆக 2,39,000 ரூபா. அடுத்தது நொத்தாரிசின் கூலி. நூற்றுக்கு ஒன்று, இரண்டு என்று பேசுவது வழக்கம். ஒன்றென்றால் 60,000, இரண்டென்றால் 1,20,000. தரகருக்கு இரண்டு வீதம் ஒப்புக்கொண்டிருந்தால் இன்னொரு 1,20,000. நில அளவையாளர், தோம்பு (காணிப் பதிவேடு) தேடும் செலவு, பதிவுக் கட்டணம், பிரதேச சபையில் எடுக்கும் சான்றிதழ்கள், கடனென்றால் வங்கியின் மதிப்பீட்டுக் கூலியும் ஈட்டு உறுதிச் செலவும். எல்லாம் கூடினால் ஐந்து இலட்சம் தாண்டுவது அதிசயமில்லை.

இந்தப் பட்டியலில் பெரிய தொகையே பேரம் பேச முடியாத தொகை. முத்திரைத் தீர்வை மாகாணத்துக்குரிய வருமானம். நிலாவெளிக் காணிக்கு அது கிழக்கு மாகாண இறைவரியைச் சேரும். வழக்கத்தில் கட்டுவது வாங்குபவர். பக்கத்து நாட்டோடு ஒப்பிட்டால் இது குறைவு என்று ஆறுதல் கொள்ளலாம். தமிழ்நாட்டில் 2017இல் முத்திரைக்கு 7, பதிவுக்கு 4 என்று மொத்தம் 11 வீதமாக ஏறியது. 2023 ஏப்ரலில் பதிவுக் கட்டணம் பாதியானதால் இப்போது 9. அங்கே 2025 ஏப்ரல் முதல், 10 இலட்சம் ரூபாய் வரையான சொத்தைப் பெண்ணின் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 வீதம் கழிவும் உண்டு. இலங்கையின் கைமாற்றத் தீர்வையில் அப்படியொரு சலுகை கிடையாது. மனைவி பெயரில் எழுதினாலும் மகள் பெயரில் எழுதினாலும் அதே நாலு வீதந்தான்.

தமிழ்நாட்டில் தெருவுக்குத் தெரு அரசே வழிகாட்டி மதிப்பை அச்சிட்டு வைத்திருக்கிறது. இலங்கையில் தீர்வை சந்தைப் பெறுமதியின் மேல் கணக்கிடப்பட வேண்டும் என்பது விதி. அந்தப் பெறுமதி எவ்வளவு என்பது உறுதியில் எழுதும் தொகையிலிருந்து தொடங்குகிறது. இந்த இடைவெளியில்தான் "இருபது இலட்சம் என்று போடுவோமே" என்ற யோசனை பிறக்கிறது.

அந்த யோசனையையும் கணக்கிட்டே பார்க்கலாம். அறுபது இலட்சத்துக்கு வாங்கிய வீட்டை இருபது இலட்சம் என்று எழுதினால் முத்திரை 79,000 ரூபா. ஒன்றரை இலட்சத்துக்கு மேல் மிச்சம் போலத் தெரியும். மாகாண இறைவரி உத்தியோகத்தர் மதிப்பீட்டைக் கேள்விக்குட்படுத்தினால் மீதித் தீர்வையும் தண்டமும் வாங்கியவர் தலையில். உறுதியில் இருபது என்று இருக்கும்போது அறுபதுக்கு வங்கிக் கடன் கேட்க முடியாது. விற்றவர் பிணங்கி வழக்கென்று வந்தால், கொடுத்த மீதி நாற்பதுக்கு எழுத்தில் ஆதாரமில்லை.

நாலாவது ஒன்று உண்டு, அதை வாங்கும்போது யாரும் நினைப்பதில்லை. 2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி 2018 ஏப்ரல் முதல் மூலதன ஆதாய வரி மீண்டும் வந்துவிட்டது. தொடங்கும்போது அதன் வீதம் 10. இந்த வீட்டைப் பின்னொரு நாள் தொண்ணூறு இலட்சத்துக்கு விற்றால் உண்மையான ஆதாயம் முப்பது, உறுதியின்படியோ எழுபது. அந்தப் பத்து வீதத்தின்படியே பார்த்தாலும் மூன்று இலட்சம் கட்ட வேண்டியவர் ஏழு இலட்சம் கட்டுவார். ஒன்றரையை மிச்சம் பிடிக்கப் போய் நாலை இழந்த கதை. விற்பவருக்கு இதில் கிடைக்கும் இலாபம் அவரது வரி குறைவது. அதனால்தான் குறைத்து எழுதும் யோசனையைப் பெரும்பாலும் விற்பவர் தரப்பே உற்சாகமாக முன்வைக்கிறது. விலைபேசும் நாளிலேயே இதை நினைவில் வைத்திருப்பது நல்லது.

இதைவிட நுட்பமானது நன்கொடை உறுதி. நன்கொடைக்கு முத்திரை குறைவு: முதல் 50,000 ரூபாவுக்கு 3 வீதம், மீதிக்கு 2. அதே வீட்டுக்கு 1,20,500 ரூபா, ஏறக்குறையப் பாதி. பெற்றோர் பிள்ளைக்கு உண்மையாகவே கொடுக்கும்போது இது நியாயமான, சட்டப்படியான சிக்கனம். சீதனமாக வரும் காணியைப் பலர் இப்படித்தான் எழுதுகிறார்கள். காசு கொடுத்து வாங்கிய காணியை நன்கொடை என்று எழுதுவது வேறு. அரசை ஏமாற்றுவது ஒரு பக்கம் இருக்கட்டும். நன்கொடையைக் கொடுத்தவர் நன்றிகெட்டதனத்தைக் காரணம் காட்டி மீளக் கேட்கலாம் என்பது இலங்கையில் வழங்கும் ரோம டச்சுச் சட்டத்தின் பழைய விதி. மீளப்பெற முடியாதது என்று எழுதிய நன்கொடையையும் அந்தக் காரணத்துக்காக ரத்துச் செய்ய வேண்டுமானால் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. வழி கடினமாகியிருக்கிறது, மூடப்படவில்லை. முன்பின் தெரியாத ஒருவரிடம் அறுபது இலட்சம் கொடுத்துவிட்டு, அவர் அன்பால் தந்தார் என்று எழுதிவைப்பவர் இந்தக் கதவைத் தானே திறந்து வைக்கிறார்.

சரி, நொத்தாரிசின் கூலிக்கு வருவோம். பேரம் பேசக்கூடிய இடம் இது. சதவீதமாகக் கேட்டால் அப்படியே ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. அறுபது இலட்ச உறுதியும் ஒரு கோடி உறுதியும் எழுதும் வேலை ஏறக்குறைய ஒன்றுதான்; வேலையின் கனம் தோம்பில் இருக்கிறது, விலையில் இல்லை. ஆகவே மொத்தத் தொகையாகப் பேசலாம். தோம்பு தேடல், உரித்து அறிக்கை, உறுதி எழுதுதல், பதிவுக்கு அனுப்புதல், பதிந்த பின் பிரதி எடுத்துத் தருதல் என்று ஒவ்வொன்றும் அந்தத் தொகைக்குள் அடக்கமா என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கலாம். முத்திரைப் பணம் வேறு, கூலி வேறு என்று பிரித்து, முத்திரை கட்டிய பற்றுச்சீட்டின் பிரதியையும் கேட்கலாம். இரண்டையும் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் இடத்தில்தான் கணக்கு மங்குகிறது.

இங்கிலாந்தில் இருக்கும் உறவினர்கள் "இங்கே இதெல்லாம் மலிவு" என்று சொன்னால் அது நேற்று வந்ததல்ல. அங்கே வீட்டு உறுதி வேலைக்குக் கட்டாய விகிதக் கட்டணம் 1973இல்தான் ஒழிந்தது. சட்டத்தரணிகளின் தனியுரிமையை 1985ஆம் ஆண்டுச் சட்டம் உடைத்து, உறுதி வேலைக்கென்றே உரிமம் பெற்ற வேறொரு தொழிலாளர் வகுப்பை உண்டாக்கியது. போட்டி வந்ததும் கூலி இறங்கியது. இலங்கையில் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் ஆள்கிறது: நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னிலையில் கையெழுத்திடாத காணி விற்பனை செல்லாது. போட்டி நொத்தாரிசுகளுக்கிடையேதான். இரண்டு மூன்று பேரிடம் கேட்டுப் பார்ப்பதில் வெட்கம் வேண்டாம்.

கொழும்பில் தெரிந்த சட்டத்தரணி இருக்கிறாரே என்று அங்கே எழுதுபவர்களும் உண்டு. எழுதலாம், தடை இல்லை. ஆனால் நிலாவெளிக் காணியின் தோம்பு திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் இருக்கிறது. பிரதேச செயலகம் குச்சவெளியில். தேடலுக்கு ஆள் அனுப்பும் செலவு, பயணச் செலவு எல்லாம் கூலியில் ஏறும். உள்ளூர்ப் பதிவேட்டில் பழகிய திருகோணமலை நொத்தாரிசு ஒருவர் மலிவாகவும் முடிப்பார், எந்தக் காணியில் எந்தக் கிழவரின் பங்கு தொங்குகிறது என்பதையும் அறிந்திருப்பார். உறுதி தமிழில் எழுதப்பட வேண்டுமென்று கேளுங்கள். வாசித்து விளங்காத மொழியில் எழுதிய உறுதியில் எல்லை பிழைத்திருந்தால் கண்டுபிடிப்பது பத்து வருடம் கழித்துத்தான், திருத்த உறுதிக்குத் தனிக் கூலி.

இவ்வளவும் சில்லறைச் சிக்கனம். நிலாவெளியில் உண்மையான காசு மிச்சமாவதும் அழிவதும் வேறோரிடத்தில்: என்ன வகைக் காணி என்று முதலில் தெரிந்துகொள்வதில்.

இலங்கையின் நிலத்தில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் அரசினுடையது. மோசடித் தடுப்புச் சட்டம் வந்த அதே 1840இல் வந்த 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் ஆளில்லா நிலமும் மறுதலையாக நிரூபிக்கப்படாதவரை முடிக்குரியது என்று ஊகித்துக்கொண்டது. அந்த ஊகத்தின் நிழல் கிழக்கில் இன்னும் நீளம். ஆகவே நிலாவெளியிலும் அதைச் சுற்றிய ஊர்களிலும் ஒரு வளவைப் பார்த்தால் அது உறுதிக் காணியா, ஒப்பக் காணியா, வெறும் குடியிருப்பா என்பதே முதற் கேள்வி. 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணியை, அதாவது ஒப்பக் காணியை, பிரதேச செயலாளரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் விற்க முடியாது. விற்றால் அந்தக் கைமாற்றம் வெறுமை. முத்திரை கட்டியிருந்தாலும் வெறுமைதான். நொத்தாரிசுக்குக் கொடுத்ததும் திரும்பாது.

"எல்லாரும் இப்படித்தான் வாங்கியிருக்கினம்" என்ற பேச்சு இந்தக் கட்டத்தில் கட்டாயம் வரும். ஒப்பக் காணியை வெள்ளைத் தாளில் எழுதிக் கைமாற்றுவதும், அற்றோணித் தத்துவம் ஒன்றைக் கொடுத்து "பிறகு பார்ப்போம்" என்பதும் சிக்கனமாகத் தெரியும். நாலு வீதமும் இல்லை, கூலியும் அற்பம். ஆனால் அற்றோணித் தத்துவம் கொடுத்தவர் இறந்த நாளோடு அது முடிகிறது. அதற்குப் பிறகு காணி அவருடைய வாரிசுகளுடையது. விலையை அவர்களுக்கு இன்னொரு தடவை கொடுக்க வேண்டியிருக்கலாம். பேர்ச் விலை ஊர் விலையில் பாதியாக இருக்கும் காணியைக் கண்டால் மகிழ்வதற்கு முன் குச்சவெளிப் பிரதேச செயலகத்தில் காணிப் பிரிவுக்கு ஒரு நடை போய் வருவது மலிவான காப்புறுதி.

கடலோரம் என்றால் இன்னொரு சட்டமும் கூடவே வருகிறது. 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கச் சட்டத்தின்படி உயர்நீர் மட்டத்திலிருந்து நிலப்பக்கம் 300 மீற்றர் வரை கரையோர வலயம். அதற்குள் கட்டடம் கட்டக் கரையோரம் பேணல் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். 2004 டிசம்பர் 26இல் சுனாமி நிலாவெளியைப் புரட்டிப் போட்ட பிறகு, தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் கட்டடமில்லா வலயம் என்று அரசு அறிவித்தது. ஒடுங்கிய இந்த நிலத்தில் 200 மீற்றர் போனால் ஊரில் என்ன மிஞ்சும் என்ற கேள்வி எழுந்தது. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டது. அந்தக் குழப்ப காலத்தில் எழுந்த சுவர்களும் மதில்களும் எந்த அனுமதியோடு எழுந்தன என்பதைக் கேட்காமல் கடலோர வீட்டை வாங்கக்கூடாது. அனுமதி இல்லாத வீட்டுக்கும் முத்திரை அதே நாலு வீதம். இடிக்கும் கூலி பிறகு வேறு. சுனாமிக்குப் பின் உதவி அமைப்புகள் கட்டிக்கொடுத்த வீடென்றால் அந்த நிலத்துக்கு உறுதி கொடுக்கப்பட்டதா, விற்கத் தடை ஏதும் எழுதியிருக்கிறதா என்பதும் பார்க்க வேண்டியது.

குச்சவெளிப் பக்கத்தில் சுற்றுலாத் திட்டத்துக்கெனக் குறித்த நிலமுண்டு, வனத் திணைக்களம் எல்லைக்கல் நாட்டிய இடமுண்டு, தொல்லியல் திணைக்களம் உரிமை கோரும் இடமுண்டு. கிழக்கின் தொல்லியல் மரபுரிமைக்கென 2020இல் ஜனாதிபதி செயலணி ஒன்று நியமிக்கப்பட்ட பிறகு இந்தக் கேள்வி இன்னும் சூடாகியது. உறுதி சுத்தமாக இருந்தும் வேலி போட முடியாத நிலை வரலாம். கிராம உத்தியோகத்தரிடம் விசாரிக்கக் காசு செலவில்லை.

தோம்பு தேடலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "தெரிஞ்ச ஆக்களின்ர காணி, தோம்பு பார்க்கத் தேவையில்லை" என்று மிச்சம் பிடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வழக்கமாகப் பின்னோக்கி முப்பது வருடம் பார்ப்பார்கள். நிலாவெளியில் முப்பது வருடம் பின்னோக்கினால் நடுப் போருக்குள் போய் நிற்போம். உரிமையாளர் அகதி முகாமில், அல்லது இந்தியாவில், அல்லது உயிரோடில்லை. அந்தக் காலத்தில் எழுதிய உறுதிகளில் கையெழுத்து யாருடையது என்று கூர்ந்து பார்க்க வேண்டும். 1871ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் பத்து வருடம் எதிர்ப்பின்றி ஆண்டவருக்கு உரித்தைக் கொடுக்கும். ஆனால் 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம், 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை போரால் தம் காணிக்கு உரிமை கோர முடியாமற் போனவர்களுக்கு எதிராக அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தது. "இருபது வருடமாக நாங்கள்தான் ஆள்கிறோம்" என்று விற்பவர் சொன்னால், எந்த இருபது என்று கேட்க வேண்டிய ஊர் இது.

பங்குக் காணியும் அப்படியே. பிரிக்கப்படாத ஆறில் ஒரு பங்கை வாங்குவது மலிவு. பிறகு தன் துண்டைத் தனியே எடுக்க 1977ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பங்கீட்டு வழக்குப் போட்டால் வருடங்கள் ஓடும். ஏற்கெனவே வழக்குப் பதிந்திருக்கும் காணியென்றால், முடிவு வரும்வரை அதை விற்பதே செல்லாது. பங்காளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரே உறுதியில் கையெழுத்திட்டால் வாங்குபவருக்கு முத்திரை ஒரு தடவைதான், கூலியும் ஒரு தடவைதான். வெளிநாட்டில் ஒருவர் இருக்கிறார் என்பதற்காக இப்போது ஐந்து பங்கு, பிறகு ஒரு பங்கு என்று எழுதுவது இரட்டைச் செலவு. அவரிடமிருந்து ஒழுங்கான, பதிந்த அற்றோணித் தத்துவம் வரும்வரை காத்திருப்பது நல்லது. விற்பவர் தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் என்றால் 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டப்படி கணவரின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். யாழ்ப்பாணத்தில் வேரும் திருகோணமலையில் காணியும் உள்ள குடும்பங்களில் இது அடிக்கடி மறக்கப்படுகிறது.

வெளிநாட்டில் இருப்பவர் வாங்கும்போது கணக்கு இன்னும் மாறும். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம், 2013 ஜனவரி 1 முதல் வெளிநாட்டவர் இலங்கையில் காணி வாங்குவதைத் தடுத்துவிட்டது. குத்தகைக்கு எடுக்கலாம், அதுவும் 99 வருடத்துக்கு மேலில்லை. கனடாக் குடியுரிமை பெற்று இலங்கைக் குடியுரிமையை இழந்தவர் இந்தச் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். இரட்டைக் குடியுரிமை பெற்றவருக்குத் தடையில்லை. நெருங்கிய உறவினரிடமிருந்து வாரிசாகவோ நன்கொடையாகவோ வருவதற்கும் விலக்குண்டு. இதைத் தெரிந்தும் பலர் எடுக்கும் குறுக்கு வழி, காசை அனுப்பித் தம்பியின் பெயரில் எழுதுவிப்பது. இரட்டைக் குடியுரிமைக்கு ஆகும் செலவும் அலைச்சலும் மிச்சம். தம்பி நல்லவர். தம்பியின் கடன்காரரும், தம்பி இறந்தால் அவர் பிள்ளைகளும் எப்படியோ? உறுதியில் பெயரில்லாதவர் அது தன் காசு என்று நீதிமன்றத்தில் காட்டுவது பல வருட வேலை. அந்த வழக்கின் செலவைக் கேட்டால் இரட்டைக் குடியுரிமை மலிவாகத் தெரியும்.

முற்பணம் கொடுக்கும் நாளில் செய்யும் சிக்கனமும் ஆபத்தானது. பேசி முடிந்தவுடன் பத்து இலட்சம் கொடுத்து, ஒரு கொப்பித் தாளில் கையெழுத்து வாங்கிக்கொள்வார்கள். காணியை விற்பதாகச் செய்யும் ஒப்பந்தமும் நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட வேண்டும் என்பதே 1840ஆம் ஆண்டுச் சட்டம். கொப்பித் தாளைக் காட்டி முற்பணத்தைக் கேட்டு வழக்காடலாம், காணியைக் கேட்க முடியாது. பெரிய தொகையென்றால் முறையான விற்பனை உடன்படிக்கை எழுதுவது மதிப்பான செலவு. சிறிய தொகையாகக் கொடுத்து, தோம்பு பார்த்து, நேரே அறுதி உறுதிக்குப் போக முடிந்தால் அந்தச் செலவும் மிச்சம். எதுவானாலும் தோம்பு முதல், முற்பணம் பிறகு. இந்த ஒழுங்கை மாற்றுவதால் வரும் நட்டத்தை எந்தக் கூலிப் பேரமும் ஈடுசெய்யாது.

கடன் எடுப்பவர் ஒரே காணிக்கு இரண்டு தடவை தோம்பு பார்க்கக் காசு கொடுக்கிறார்: தன் நொத்தாரிசுக்கு ஒன்று, வங்கிச் சட்டத்தரணிக்கு ஒன்று. வங்கியை முதலில் தெரிவு செய்து, அவர்களின் பட்டியலில் உள்ள சட்டத்தரணிகள் யார் என்று கேட்டு, அவர்களில் ஒருவரிடமே உறுதியையும் எழுதுவித்தால் ஒரு தேடலோடு முடிக்கலாம், கூலியிலும் இறங்கி வருவார்கள். அவர் முதலில் வங்கிக்குப் பதில் சொல்பவர் என்பதை மறக்க வேண்டாம். காணியில் சிக்கல் தென்பட்டால் தனியாக ஒருவரிடம் கேட்பது நல்லது. விற்பவர் அந்தக் காணியை ஏற்கெனவே ஈடு வைத்திருந்தால் அதை மீட்கும் உறுதியின் செலவு விற்பவருடையது. பேசும்போது சொல்லாவிட்டால் வாங்குபவர் கணக்கில் விழும்.

அளவையிலும் அவசரம் வேண்டாம். அண்மையில் எடுத்த வரைபடம் இருந்து, எல்லைகள் மாறாமல் இருந்தால், உரிமம் பெற்ற நில அளவையாளர் அதையே நிலத்தில் சரிபார்த்து உறுதிப்படுத்தித் தருவார். முழுப் புது அளவையைவிட அது மலிவு. துண்டு பிரித்து வாங்குவதென்றால் பிரதேச சபை அங்கீகரித்த வரைபடம் வேண்டும், அந்தச் செலவு யாருடையது என்பதை விலையோடு சேர்த்துப் பேசவேண்டும். தரகு யார் கொடுப்பது, நிலுவை ஆதன வரி யார் கட்டுவது, இவையும் அதே பேச்சில் முடியவேண்டும். வருமானம் குறைந்தவர்களுக்கு, 1978இல் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு இலவச ஆலோசனை தருகிறது. கூலி கொடுத்து அமர்த்துவதற்கு முன் கேட்டுப் பார்க்கலாம்.

இந்தச் செலவெல்லாம் ஏன் இவ்வளவு என்று கேட்டால், ஒவ்வொரு விற்பனையிலும் முழு வரலாற்றையும் மறுபடி தோண்ட வேண்டியிருக்கிறது என்பதே விடை. 1858இல் தெற்கு அவுஸ்திரேலியாவில் ரொபேர்ட் டொரன்ஸ் இதற்கு மாற்று ஒன்றைச் சட்டமாக்கினார்: அரசே உரித்தைப் பதிந்து அதற்கு உத்தரவாதம் தருவது. பழைய உறுதிகளைக் கிளற வேண்டியதில்லை, ஒரு சான்றிதழ் போதும். இலங்கையும் 1998ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டத்தால் அதே வழிக்கு வந்தது. 'பிம் சவிய' என்று 2007 முதல் வேலை நடக்கிறது. நாடு முழுவதையும் அது இன்னும் எட்டவில்லை. போரும் இடப்பெயர்வும் உரித்தைக் குழப்பிய நிலாவெளி போன்ற ஊர்களுக்கு அது முதலில் வந்திருக்க வேண்டும் என்பது இந்தப் பக்கத்தின் கருத்து.

கையெழுத்து முடிந்தவுடன் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் கடைசி இழப்பைச் சந்திக்கிறார்கள். உறுதி மூன்று பிரதிகள்: மூலம் வாங்கியவருக்கு, இரண்டாவது பதிவகத்துக்கு, மூன்றாவது நொத்தாரிசின் கோவைக்கு. இரண்டாவது பிரதியை நொத்தாரிசு அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டப்படி, பதியாத உறுதியைப் பின்னால் வந்து காசு கொடுத்து வாங்கி முதலில் பதிந்தவரின் உறுதி வென்றுவிடும். பிழையான பக்கத்தில் பதிந்தாலும் அந்த முன்னுரிமை கிடைக்காது. ஆகவே அந்தத் திகதி கடந்த வாரத்தில் திருகோணமலைக் காணிப் பதிவகத்துக்குப் போங்கள். பழைய உறுதிகள் ஏறிய அதே பக்கத்தில் உங்கள் பெயரும் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பக்கத்தின் சான்றுப்படுத்திய பிரதியை எடுத்து உறுதியோடு வையுங்கள். அதற்கான கட்டணம் சொற்பம்.